விரால் அடித்ததும் எண்ணுவது எதற்கு?

நீர்மட்டத்தில் தத்திவரும் ரப்பர்த் தவளையை விரால் அடித்தால் ராடை எப்போது சுண்ட வேண்டும்? மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்க் கரைகளில் லூர் (செயற்கை இரை) எறியும் இளைஞர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: அவசரப்படக் கூடாது, மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டுச் சுண்ட வேண்டும். சிலர் இரண்டோடு நிறுத்துவார்கள், சிலர் ஐந்துவரை போவார்கள். எத்தனை எண்ணுவது என்பதில்தான் சச்சரவே தவிர, எண்ணத்தான் வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. தவளை விராலின் வாய்க்குள் போய்ச் சேர ஆகும் நேரம் அடிக்கு அடி மாறுகிறது. அதை முன்கூட்டியே ஓர் எண்ணாக முடிவுசெய்து வைத்துக்கொள்வது, மீன் என்ன செய்கிறது என்று கவனிக்காமல் இருப்பதற்கு ஒரு சாக்கு. நரம்பில் மீனின் கனம் ஏறிவிட்டதா என்பது ஒன்றுதான் சுண்டுவதற்கான அடையாளம். அது அரை நொடியில் வரலாம், நான்கு நொடி கழித்தும் வரலாம், வராமலேயும் போகலாம்.

எண்ணும் விதி காரணமில்லாமல் முளைத்ததல்ல. விரால் அடிப்பதைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அசைவே இல்லாமல் கிடந்த ஆகாயத்தாமரைக்கு நடுவே திடீரென்று ‘டப்’பென்று நீர் வெடிக்கும், இலைகள் இரண்டு பக்கமும் சாயும், நெஞ்சு ஒரு கணம் நின்று ஓடும். அந்தச் சத்தத்துக்கு மனிதக் கை பதில் சொல்ல நொடியில் ஐந்தில் ஒரு பங்கு போதும். அவ்வளவு வேகத்தில் ராடைத் தூக்கினால் தவளை மீனின் வாயில் இருக்காது. கரையை நோக்கிப் பறந்துவந்து, பின்னால் நிற்கும் கருவேல மரத்தில் மாட்டும். முகத்தில் மாட்டினால் மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான். இந்த அவசரத்தை அடக்கத்தான் எண்ணச் சொன்னார்கள். சத்தம் கேட்டதும் சுண்டுவது தவறு என்பதில் இங்கே யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் அதற்கு மாற்றாகக் கொடுக்கப்பட்ட விதி, வேறொரு தூண்டிலுக்காக உருவானது.

அது உயிர்த்தவளைத் தூண்டில். நீண்ட மூங்கில் கம்பு, கெட்டி நரம்பு, முள்ளில் முதுகுத் தோலில் கோத்த சிறு தவளை, அல்லி இலைகளின் இடுக்கில் அதைத் தொட்டுத் தொட்டு எடுப்பது என்று நம் ஊர்க் குளங்களில் நெடுங்காலம் நடந்துவந்த முறை. அதில் விரால் கவ்வியது நிஜமான சதை. கவ்வியதை விட அதற்குக் காரணமே இல்லை. புதருக்குள் கொண்டுபோய், வாய்க்குள் சரிசெய்து, நிதானமாக விழுங்கும். தூண்டில்காரர் பொறுக்கப் பொறுக்க முள் உள்ளேதான் போகும். மதுரை நக்கீரர் பாடிய அகநானூற்றின் 36ஆம் பாடலில் வரும் வராலும் அப்படிப்பட்டதுதான்: இரையைத் தின்று முடித்த பிறகே அது நீர்ப்பூக்களைச் சிதைத்துக்கொண்டு பாய்கிறது, இழுப்பவனுக்கு வர மறுத்துக் குளத்தைக் கலக்குகிறது. இரை உள்ளே போய்விட்டது. எப்போது சுண்டுவது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. சென்னை மாகாண அதிகாரியாக இருந்த எச். எஸ். தாமஸ் 1873-ல் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற நூலையும், 1887-ல் குளத்துத் தூண்டிலுக்கென்றே ‘டேங்க் ஆங்கிலிங் இன் இந்தியா’ என்ற நூலையும் எழுதினார். ஆக, நம் குளங்களில் ராடும் ரீலும் கொண்டு மீன்பிடிப்பது நேற்று வந்த மோகமல்ல. நேற்று வந்தது ரப்பர்த் தவளை. இரை மாறியது, முள்ளின் அமைப்பு மாறியது, நரம்பு மாறியது. ‘விழுங்க விடு’ என்ற பழைய புத்திமதி மட்டும் ‘மூன்று எண்ணு’ என்று உருமாறி அப்படியே தங்கிவிட்டது.

ரப்பர்த் தவளையைக் கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். உள்ளே காற்று மட்டும் உள்ள மெல்லிய கூடு. மூக்கில் நரம்பு கட்டும் வளையம். அங்கிருந்து உடலுக்குள் ஓடும் தண்டு பின்பக்கம் வெளியே வந்து, இரட்டை முள்ளாகப் பிரிந்து, முதுகின் இரு ஓரமும் மேல்நோக்கி ஒட்டிப் படுத்திருக்கிறது. முனைகள் ரப்பரோடு ஒட்டியிருப்பதால்தான் பாசியிலும் ஆகாயத்தாமரைத் தண்டிலும் மாட்டாமல் தவளை வழுக்கி வருகிறது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து முதுகை அழுத்தினால் கூடு நசுங்கி முனைகள் இரண்டும் வெளியே நீட்டும். விரலை எடுத்தால் மறுபடி பதுங்கிவிடும். விராலின் தாடை செய்ய வேண்டிய வேலையும் அதேதான். வாய் மூடி, கூடு நசுங்கியிருக்கும் நேரத்தில் மட்டும் அது தூண்டில். அதற்கு முன்னும் பின்னும் வெறும் பொம்மை.

அந்த நேரம் எவ்வளவு என்பதுதான் எண்ணுபவர்கள் தெரிந்துவைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளும் விஷயம். ரப்பரில் ரத்தமும் இல்லை, சதையின் ருசியும் இல்லை. சில மீன்கள் கவ்விய வேகத்தில் துப்பிவிடும். சில, வாயில் வைத்தபடியே புதரை நோக்கி நாலடி போகும். பசியோடு பாய்ந்த பெரிய விரால் அடித்த கணத்திலேயே முழுத் தவளையையும் உள்ளே வைத்துக்கொண்டு கீழே திரும்பிவிடும். முதல் வகை மீனுக்கு மூன்று எண்ணுபவர் வெறும் தண்ணீரைச் சுண்டுகிறார். கடைசி வகை மீனுக்கு மூன்று எண்ணுபவர், சுலபமாக வந்திருக்க வேண்டிய மீனை ஆகாயத்தாமரை வேர்களுக்குள் புகுந்து சுற்றிக்கொள்ள விடுகிறார். நடுவில் உள்ள வகைக்கு மட்டும் கணக்கு பொருந்துகிறது. அந்த வெற்றியை வைத்துக்கொண்டுதான் விதியே நிற்கிறது.

அடி என்பது என்ன என்று பார்த்தால் இந்தக் குழப்பம் தெளியும். விரால் இரையைப் பற்களால் மட்டும் பிடிப்பதில்லை. வாயைத் திறந்து தொண்டையைச் சட்டென்று விரிக்கும்போது உள்ளே ஓர் உறிஞ்சல் உண்டாகிறது. நீரோடு இரையும் உள்ளே போகிறது. பிறகுதான் தாடை மூடிப் பற்கள் பிடிக்கின்றன. நீருக்கடியில் இந்த வேலை முழுவதும் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். நீர்மட்டத்தில் நிலைமை வேறு. திறந்த வாயில் பாதி நீரிலும் பாதி காற்றிலும் இருக்கிறது. காற்று புகுந்தால் உறிஞ்சலுக்கு வலு போய்விடும். ‘டப்’ என்ற பெருஞ்சத்தத்தில் அந்தக் காற்றுக்கும் மீனின் உடல் வேகத்துக்கும் பங்கு உண்டு. தவளை வாய்க்குள் போனதற்கு அது சாட்சியே அல்ல. இலைமேல் ஏறிக் கிடக்கும் தவளையாக இருந்தால் இன்னும் மோசம். கீழிருந்து முட்டும் மீன் இலையையும் தவளையையும் சேர்த்து மேலே தூக்கிவிடும், வாயில் எதுவும் சிக்காது. பார்க்க ஆகப் பிரமாதமான அடி அது, பலன் சுழியம். ஒரு சின்ன உறிஞ்சல் ஒலியோடு தவளை இருந்த இடத்தில் தவளை இல்லாமல் போகும் அடிதான் பல சமயம் முழு அடி. சத்தத்தை வைத்து எண்ணத் தொடங்குபவர் பொய்யான அடிக்குச் சரியாக எண்ணிவிட்டு, மெய்யான அடியைக் கோட்டைவிடுகிறார்.

குறி தப்புவதற்கும் காரணம் உண்டு. மீன் கீழிருந்து பார்க்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே மிதக்கும் ஒரு கரிய உருவம்தான் அதற்குத் தெரிவது. திறந்த நீரில் அது போதும். மதுரையின் செல்லூர்க் கண்மாய் போல ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும் நீரில் அந்த உருவமும் தெரியாது. இலையின் நடுக்கத்தையும் நீரின் அதிர்வையும் உடலின் பக்கக் கோட்டால் உணர்ந்து உத்தேசமாகப் பாய வேண்டியதுதான். ஒரு சாண் தள்ளி அடிப்பது அங்கே சர்வ சாதாரணம்.

அடிப்பதெல்லாம் தின்பதற்காகவும் அல்ல. விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். செவுள் மட்டும் அதற்குப் போதாது. தலைக்குள் செவுளுக்கு மேலே உள்ள அறையில் காற்றை நிரப்ப, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தே ஆக வேண்டும். சாக்கடை கலந்து ஆக்சிஜன் செத்த கண்மாயிலும் அது பிழைத்துக் கிடப்பது அதனால்தான். மூச்செடுக்க வந்த மீன் வாலைச் சுழற்றித் திரும்பும்போது எழும் சலசலப்புக்கும் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிச் சுண்டுபவர்கள் உண்டு. எண்ணிக்கை சுத்தமாகவே இருக்கும். மழைக்காலத்தில் குஞ்சுகளைக் காத்து நிற்கும் விரால் வேறு ரகம். அது தவளையை இரையாகப் பார்ப்பதில்லை, எதிரியாகப் பார்க்கிறது. முட்டித் தள்ளும், அல்லது கவ்வி நாலடி அப்பால் கொண்டுபோய்த் துப்பும். இன்னொரு பக்கம் குறவை. விராலின் சிறிய சொந்தக்காரனான இதற்கு வாய் சின்னது, கோபம் பெரிது. தவளையின் பின்கால்களாகத் தொங்கும் ரப்பர் இழைகளைப் பிடித்துக்கொண்டு இழுக்கும். நூறு எண்ணினாலும் முள் அதன் வாய்க்குள் போகாது. மீன் இத்தனை விதமாக நடந்துகொள்ளும்போது கரையிலிருப்பவரின் எண் மட்டும் மாறாமல் இருக்கிறது.

இவையெல்லாம் மீன் பக்கத்துக் கதை. நரம்பின் பக்கத்துக் கதை எண்ணும் விதியை இன்னும் பலமாக அடிக்கிறது. ரப்பர்த் தவளையை நேராக இழுத்தால் அது தவளை போல வராது. ராடின் முனையைச் சின்னதாக ஆட்டி, உடனே நரம்பைத் தளரவிட வேண்டும். அந்தத் தளர்வில்தான் தவளை தலையை இப்படியும் அப்படியும் திருப்பும். எனவே அடி விழும் கணத்தில் நரம்பில் பெரும்பாலும் தொய்வு இருக்கும். அரை மீட்டர், சில சமயம் ஒரு மீட்டர். அதோடு காற்று சேர்ந்துகொள்ளும். நீர்மேல் மிதக்கும் எதுவும் காற்றின் சொல்படி நடக்கும் என்பதை 2017 ஏப்ரலில் வைகை அணையில் நீர் ஆவியாகாமலிருக்க விரிக்கப்பட்ட தெர்மாகோல் அட்டைகள் நாடறியக் காட்டின. நரம்பும் அப்படியே. இருபத்தைந்து மீட்டர் வெளியே கிடக்கும் பிரெய்டு (பின்னல் நரம்பு), பக்கக் காற்றில் வில்லாக வளைந்து நிற்கும். ராடைத் தூக்கும்போது அதன் முனை நகரும் தூரம் இரண்டு மீட்டர் அளவுக்குத்தான். அதில் பாதிக்கு மேல் தொய்வே தின்றுவிட்டால் முள்ளுக்குப் போய்ச் சேரும் விசை ஒன்றுமில்லை. மூன்று எண்ணிச் சுண்டினாலும் முப்பது எண்ணிச் சுண்டினாலும் பலன் இதேதான். விராலின் வாய் மென்மையானதும் அல்ல. கூரிய பற்களும் கெட்டி எலும்பும் கொண்ட வாய் அது. போதாததற்கு, கவ்விய தவளையை அது அசையவிடாமல் இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பிடிக்குள் தவளையைக் கொஞ்சமாவது நகர்த்தினால்தான் முள் முனை சதையைத் தேடிப் போய் ஏறும். அதற்கு நேரான, இறுகிய நரம்பு வேண்டும். தொய்வை வைத்துக்கொண்டு செய்யும் சுண்டல் வெறும் அபிநயம்.

அப்படியானால் எண்ணிப் பிடித்த மீன்களெல்லாம்? எண்ணும் கட்சியின் பெரிய ஆயுதம் இதுதான்: “நாங்கள் எண்ணித்தான் பிடிக்கிறோம்.” பிடிப்பது உண்மைதான். ஆனால் வாய் எண்ணிக்கொண்டிருக்கும்போது கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அனுபவசாலியின் கை சும்மா இருப்பதில்லை. ராடின் முனையைத் தானாகவே நீரை நோக்கித் தாழ்த்துகிறது, ரீலை இரண்டு சுற்றுச் சுற்றித் தொய்வை எடுத்துவிடுகிறது. மூன்று வரும்போது நரம்பு இறுகி, மீனின் கனம் விரலுக்குத் தெரிந்துவிட்டிருக்கும். சுண்டுகிறார், மாட்டுகிறது. புகழ் எண்ணிக்கைக்குப் போகிறது, வேலையைச் செய்தது கை. இதே விதியைக் கேட்டு வந்த புதியவர் மரம் போல நின்று மூன்று எண்ணுகிறார், பிறகு தொய்ந்த நரம்பைச் சுண்டுகிறார். மீன் போனதும் அவருக்குக் கிடைக்கும் ஆலோசனை, “இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கணும்.” அடுத்த முறை அவர் ஐந்து எண்ணுவார். தப்பிய மீனெல்லாம் குறைவாக எண்ணியதால் தப்பியது, மாட்டிய மீனெல்லாம் சரியாக எண்ணியதால் மாட்டியது என்று வைத்துக்கொண்டால் எந்த விதியையும் யாரும் தோற்கடிக்க முடியாது.

செல்லூர்க்காரர்களுக்கு இதை விளக்கக் கபடி போதும். அங்குள்ள பாலத்தை ஒட்டிய ரவுண்டானாவில் சிலை வைக்குமளவுக்கு அந்த ஊரின் ஆட்டம் அது. பாடி வருபவர் கையை நீட்டித் தொட வரும்போது பாயும் பிடியாள் ஏமாந்து வெளியே போவார். அவரது உடல் கனம் முன்காலில் ஏறிய கணத்தில் பாய்பவர்தான் பிடிப்பார். அந்தக் கணத்துக்காகக் காத்திருப்பவர் யாரும் மூன்று எண்ணிக்கொண்டு நிற்பதில்லை.

எண்ணும் வழக்கம் உலகில் வேறு இடங்களிலும் உண்டு, அதையும் ஆதாரமாகக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். நியூசிலாந்தில் மிதக்கும் பூச்சித் தூண்டிலால் டிரவுட் பிடிப்பவர்கள், மீன் பூச்சியை எடுத்ததும் மகாராணியைக் கடவுள் காக்க வேண்டும் என்ற வாழ்த்தை ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் சுண்டுவார்கள். (2022-ல் ராணி மறைந்து மன்னர் வந்த பிறகும் நேரக் கணக்கு மாறியிருக்காது.) அங்கே அது செல்லும். கண்ணாடி போன்ற ஆற்றுநீரில் மீன் மேலே வருவது, வாய் திறப்பது, மூடித் திரும்புவது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த மீன் நிதானமாக, ஏறத்தாழ ஒரே மாதிரி எடுக்கிறது. வாழ்த்து சொல்லி முடிக்கும்போது தலை கீழே திரும்பியிருக்கும். ஆகாயத்தாமரைக்கு அடியில் முகம் தெரியாமல் பாயும் விராலுக்கு அந்தக் கணக்கைக் கொண்டுவருவது பொருந்தாது. விராலோடு ஒப்பிடத் தகுந்தது வட அமெரிக்க ஏரிகளின் மஸ்கி. ஒரு மீட்டரைத் தாண்டி வளரும், பல் நிறைந்த, பதுங்கியிருந்து பாயும் மீன். விஸ்கான்சின் 1955-ல் அதைத் தன் மாநில மீனாகவே அறிவித்தது. மேற்பரப்பு லூரை அதுவும் அடிக்கடி குறிதவறி அடிக்கும், பின்தொடர்ந்து வந்து மறுபடி அடிக்கும். அங்கே பழுத்த தூண்டில்காரர்கள் புதியவர்களுக்குச் சொல்வது, பார்த்ததற்கும் கேட்டதற்கும் சுண்டாதே, இழுத்துக்கொண்டே இரு, மீன் கையில் கனத்த பிறகு சுண்டு என்பதுதான். அடி தவறிய லூர் சுண்டப்படாமல் அதே நடையில் போய்க்கொண்டிருந்தால்தான் இரண்டாவது அடி விழும். மஸ்கி லூரில் தொங்குவது வெளியே நீட்டிய மும்முனை முட்கள். நசுங்க வேண்டிய ரப்பர் எதுவும் இல்லை. அங்கேயே கனத்துக்குக் காத்திருக்க வேண்டுமென்றால், முள் பதுங்கிய ரப்பர்த் தவளைக்குச் சொல்ல வேண்டியதே இல்லை.

கனம் என்ற அடையாளத்துக்கு எதிராகச் சொல்லப்படும் மூன்று தடைகளில் முதலாவது எளிது: கனம் தெரியும்வரை காத்திருந்தால் மீன் துப்பிவிடும் என்பது. துப்பிவிட்ட மீனை எந்த விதியாலும் பிடிக்க முடியாது. கனம் தெரிகிறது என்றாலே இன்னும் துப்பவில்லை என்று பொருள். பழைய நைலான் நரம்பில் இந்தத் தடைக்குக் கொஞ்சம் நியாயம் இருந்தது. அது ரப்பர் போல நீளும்; தூரத்துக் கனம் கைக்கு மங்கலாகத்தான் வரும். ஏறத்தாழ நீளாத பிரெய்டில் மீன் தலையைத் திருப்புவதுகூட விரலில் தட்டும்.

இரண்டாவது தடை, பாசியின் கனத்தையும் மீனின் கனத்தையும் எப்படிப் பிரிப்பது என்பது. இது பழக்கத்தில் வருவது, ஆனால் வராத வித்தை அல்ல. பாசி செத்த கனம். இழுக்க இழுக்க ஒரே சீராக ஏறும், நிறுத்தினால் நின்றுவிடும். மீன் நிறுத்தினாலும் இழுக்கும். துடிப்பு தெரியும், நரம்பு பக்கவாட்டில் நகரும், நீருக்குள் சரிந்து இறங்கும். சந்தேகம் வந்தால் சுண்டுவதற்குப் பதில் ரீலை இன்னும் கால் சுற்றுச் சுற்றினால் மீன் தானே பதில் சொல்லிவிடும்.

மூன்றாவதுதான் உண்மையிலேயே கடினமானது: அடித்த மீன் கரையை நோக்கியே வந்துவிட்டால்? தவளையைக் காணோம், நரம்போ தொய்ந்து கிடக்கிறது, கனமே இல்லை. மடைக்கருகிலும் கலுங்கின் ஓரத்திலும் ஆழம் கரைப்பக்கமே இருப்பதால் அங்கே இது அடிக்கடி நடக்கும். கனம் வரவில்லையே என்று சும்மா நிற்பவரும் தோற்பார், மூன்று எண்ணிச் சுண்டுபவரும் தோற்பார். பின்னவர் ஒரு மீட்டர் தொய்வைத்தான் சுண்டுகிறார். செய்ய வேண்டியது கனத்தைத் தேடிப் போவது. 7-க்கு 1 பல்சக்கர விகிதமுள்ள பெய்ட்காஸ்டர் ரீல், கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு முக்கால் மீட்டர் அளவுக்கு நரம்பை எடுத்துவிடும். இரண்டு மூன்று சுற்றுகள் ஒரு நொடிக்குள் முடியும் வேலை. நரம்பு நேராகி மீனைத் தொட்டதும் சுண்டலாம்.

ஆக, கையில் பழக வேண்டிய வரிசை இதுதான். தவளையை ஆட்டும்போதே ராடின் முனை நீரை நோக்கித் தாழ்ந்தே இருக்க வேண்டும்; தலைக்கு மேலே உயர்த்தி வைத்து ஆட்டுபவருக்குச் சுண்ட இடமே மிஞ்சாது. அடி விழுந்ததும் முனையை அடி விழுந்த இடத்தை நோக்கி நீட்டியபடி ரீலைச் சுற்ற வேண்டும். ராடு இன்னும் தூங்குவது போலவே கிடக்க வேண்டும். வேலை செய்வது ரீல் மட்டும். கனம் உயிரோடு ஏறியதும், ரீலின் டிராக்கை (நரம்பு ஓடுவதைத் தடுக்கும் பிடியை) இறுக்கி வைத்த நிலையில், மணிக்கட்டால் அல்ல, தோளிலிருந்து ஒரே வீச்சாகச் சுண்ட வேண்டும். சுண்டியதும் நிற்கவும் கூடாது. மீனின் தலை மேலே திரும்பிய அந்த முதல் நொடியில் அதை இலைகளுக்கு மேலாக வழுக்கிக் கொண்டுவந்துவிட வேண்டும். கீழே திரும்ப விட்டால் நாற்பது பவுண்டு பிரெய்டாக இருந்தாலும் ஆகாயத்தாமரை வேரோடு மல்லுக்கட்டத்தான் நேரம் இருக்கும்.

தாய்லாந்துப் பாணி ‘ஜம்ப் ஃப்ராக்’ வகைக்கு ஒரு திருத்தம் தேவை. கெட்டியான சின்ன உடல், பின்னால் திறந்தபடி தொங்கும் முள், சுழலும் தகடு. இதில் நசுங்க வேண்டியது எதுவுமில்லை. நேராக, தொய்வில்லாமல் இழுப்பதால் அடியும் கனமும் ஏறத்தாழ ஒன்றாகவே கைக்கு வரும். அதைப் போடுபவர்கள் “நாங்கள் உடனே சுண்டுகிறோம்” என்று சொல்வதன் ரகசியம் இதுதான். அவர்களும் கனத்துக்குத்தான் சுண்டுகிறார்கள், காத்திருப்பு குறைவு, அவ்வளவே. இதே ஆள் மறுநாள் ரப்பர்த் தவளைக்கு மாறியதும் முந்தைய நாளின் நேரத்தையே கொண்டுவருவார், மீன் மீனாகத் தப்பும்.

கனம் வராமலே போகும் அடிகள் நிறைய இருக்கும். அவற்றுக்குச் சுண்டவே கூடாது என்பதை ஏற்பதுதான் எண்ணிப் பழகியவர்களுக்குக் கஷ்டம், ஏனென்றால் எண்ணுபவர் கடைசியில் சுண்டியே தீருவார். சுண்டினால் தவளை ஐந்தாறு மீட்டர் பறந்து விழும். அடித்த மீனுக்கு அது காணாமல் போன இரை. சுண்டாமல் விட்டால் தவளை அடிபட்ட இடத்திலேயே கிடக்கும். சில நொடி பொறுத்து முனையை ஒருமுறை மெல்ல ஆட்டினால், தவறவிட்ட விரால் திரும்பி வந்து அடிப்பது அடிக்கடி நடப்பதுதான். இரண்டாவது அடி பெரும்பாலும் முதலாவதைவிடக் குறி சுத்தமாக இருக்கும். அப்படியும் வரவில்லை என்றால் தவளையை முழுவதும் இழுத்துக்கொண்டு, கூட்டுக்குள் புகுந்த நீரைப் பிதுக்கி எறிந்துவிட்டு, அடி விழுந்த இடத்துக்கு ஒரு மீட்டர் அப்பால் எறிந்து அதே தடத்தில் கொண்டுவரலாம்.

இதற்கு ஒரே விலக்கு, அக்டோபர் மழைக்குப் பிறகு செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து வந்து போகும் இடம். அங்கே விழும் அடி காவல் விராலின் அடி. அது திரும்பத் திரும்ப அடிக்கும், கடைசியில் மாட்டவும் செய்யும். பெற்ற மீன் போன கொஞ்ச நேரத்தில் குறவையும் கெளுத்தியும் அந்தக் கூட்டத்தைத் தின்று தீர்த்துவிடும். அடுத்த ஆண்டு அந்தக் கண்மாயில் சுண்டுவதற்கு மீன் இருக்காது. கண்மாயின் மீன்பாசி குத்தகைதாரர் தூண்டிலுக்கு இசைந்திருந்தாலும், குஞ்சுகள் விரல் நீளம் வளர்ந்து கலைந்து போகும்வரை அந்த மூலையில் தவளையை எறியாமல் இருப்பதே முறை.